விடுபவனும் விடுபடுபவனும்

தமிழில் ‘விடுதலை’ என்ற சொல் ‘விடு’ என்னும் வினையடியில் பிறந்தது என்பதால், பிடித்திருந்ததை விடுகிற ஒரு கை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது; பிறவித் தளை நீங்குவதைக் குறிக்கும் ‘வீடு’ என்ற சமயச் சொல்லும் அதே வேரில் கிளைத்ததுதான். ‘அடிமை’ என்ற சொல் பாதத்தைக் குறிக்கும் ‘அடி’ என்பதிலிருந்து வந்து, விலைக்கு வாங்கப்பட்ட மனிதரையும் குறித்தது, இறைவன் திருவடிக்குத் தன்னை ஒப்படைத்த பக்தரின் நிலையையும் குறித்தது. நிலத்துக்கும் ஆளுக்கும் உரியவனை ‘ஆண்டை’ என்றும் உலகுக்கு உரியவனை ‘ஆண்டவன்’ என்றும் அழைத்த மொழி, இரண்டு பெயர்களையும் ‘ஆள்’ என்ற ஒரே வினையிலிருந்து எடுத்தது. இந்த நெருக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. எபிரேய மொழியின் ‘அதோன்’ என்ற சொல்லும் கிரேக்க மொழியின் ‘கிரியோஸ்’ என்ற சொல்லும் அடிமையின் எசமானனுக்கும் வழங்கின, கடவுளுக்கும் வழங்கின.

இந்தச் சொல்லுறவுகளுக்கு அடியில் ஓர் அறக்கேள்வி கிடக்கிறது. பிடித்திருந்தவனுக்கு அப்படிப் பிடித்து வைத்திருக்கும் உரிமை முதலில் இருந்ததா? இருந்தது என்றால் விடுதலை ஒரு கொடையாகிறது. கொடுப்பவன் பெருமை பெறுகிறான், பெறுபவன் கடன்படுகிறான். இல்லை என்றால் விடுதலை என்பது களவாடிய பொருளைத் திருப்பி ஒப்படைப்பதற்குச் சமம். அதற்கு எவரும் எவருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை, மாறாகக் களவாடிய காலத்துக்குக் கணக்குக் கேட்கப்பட வேண்டும். அடிமைமுறையைக் கதைப்பொருளாக எடுத்துக்கொண்ட வரலாற்றுத் திரைப்படங்களின் தரத்தை, அவை காட்டும் கொடுமையின் அளவைக் கொண்டோ காட்சியமைப்பின் நுணுக்கத்தைக் கொண்டோ அளப்பதைவிட, இந்த ஒரு கேள்விக்கு அவை என்ன விடை சொல்கின்றன என்பதைக் கொண்டு அளப்பதே பொருத்தமானது. அவற்றுள் பெரும்பாலானவை அடிமை விடுபடுவதைக் காட்டுகின்றன. எசமானனின் உரிமைக்கோரிக்கை தொடக்கம் முதலே செல்லாதது என்று சொல்லுமிடத்துக்கு அவற்றுள் மிகச் சிலவே வந்து சேர்கின்றன.

மேற்கத்திய உலகம் விடுதலையைக் கற்பனை செய்த முறைக்கு மூலக்கதை, விவிலியத்தின் விடுதலைப் பயண நூல் சொல்லும் எகிப்திய அடிமை வாழ்வும் அதிலிருந்து எபிரேயர் வெளியேறிய பயணமும் ஆகும். 1956இல் வெளிவந்த ‘பத்துக் கட்டளைகள்’ படத்தில், கதை தொடங்கும் முன்பே இயக்குநர் சிசில் பி. டிமில் திரைச்சீலைக்கு முன் வந்து நின்று, மனிதர்கள் அரசின் உடைமையா அல்லது கடவுளுக்குக் கீழ் சுதந்திரமான ஆன்மாக்களா என்பதே தம் படத்தின் பொருள் என்று அறிவிக்கிறார். அமெரிக்காவும் சோவியத் நாடும் பகைத்து நின்ற அந்த ஆண்டுகளில் எகிப்திய அரசனான பார்வோன் யாரைக் குறித்தான் என்பது பார்வையாளர்களுக்கு விளங்கியது. அதே 1956இல் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் பேருந்துப் புறக்கணிப்பு நடத்திக்கொண்டிருந்தார்கள் என்பதும், எபிரேயரை வழிநடத்திய அதே மோசேயின் கதையே அவர்களது ஆலயங்களில் வேறு பொருளோடு முழங்கிக்கொண்டிருந்தது என்பதும் அந்த முன்னுரையில் இடம்பெறவில்லை. படத்தின் முடிவில் மோசே சொல்லும் இறுதிச் சொற்கள் லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டவை. ஐம்பதாம் ஆண்டை யூபிலி, அதாவது அடிமைகள் தம் குடும்பத்துக்கும் நிலத்துக்கும் திரும்பும் புனித ஆண்டு, என்று அறிவிக்கும் அந்த வசனமே பிலடெல்பியாவின் விடுதலை மணியிலும் பொறிக்கப்பட்டுள்ளது. ஆனால் அதே அதிகாரம் இன்னும் சில வசனங்கள் தாண்டி, அயலினத்தாரை விலைக்கு வாங்கிப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுச்செல்லவும் அனுமதிக்கிறது. ஒரே பக்கத்தில் யூபிலியும் நிரந்தர அடிமைத்தனமும் அடுத்தடுத்து நிற்கும் இந்த நூலைத்தான் அமெரிக்கத் தென்மாநிலங்களின் பண்ணையாளர்களும் வாசித்தார்கள், அவர்களது பருத்தி வயல்களில் உழைத்தவர்களும் செவிவழியாகக் கேட்டார்கள்.

விடுதலைப் பயண நூலில் டிமிலின் கடற்பிளவுக் காட்சியைவிட நீதிக்கு நெருக்கமான ஓர் இடம் உண்டு. எபிரேயர்கள் வெளியேறும்போது எகிப்தியரிடம் வெள்ளியும் பொன்னும் ஆடைகளும் கேட்டுப் பெற்றுச் சென்றார்கள் என்று அது கூறுகிறது. இதைக் கொள்ளை என்று பழித்தவர்களுக்கு, முதல் நூற்றாண்டின் யூதத் தத்துவவாதியான அலெக்சாந்திரியாவின் பிலோ, அது பல்லாண்டு உழைப்புக்குக் கொடுக்கப்படாத கூலி என்று விளக்கம் தந்தார். பார்வோனுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த நூலில் எங்கும் இல்லை. பிற்காலப் பாராளுமன்றங்கள் இதை எப்படித் தலைகீழாக்கின என்பதைப் பார்க்கும்போதுதான் பிலோவின் விளக்கத்தின் எடை தெரியும்.

ரோமுக்கு வந்தால், கி.மு. 73இல் கப்புவா நகரின் கிளாடியேட்டர் பயிற்சிக்கூடத்திலிருந்து எழுபதுக்குச் சற்று அதிகமானோர் தப்பியதில் தொடங்கி, கி.மு. 71இல் கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலை நெடுக 6000 பேர் சிலுவையில் அறையப்பட்டதில் முடிந்த கிளர்ச்சியை, ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய ‘ஸ்பார்ட்டகஸ்’ (1960) சொல்கிறது. படத்தின் முன்னுரைக் குரல், ரோமின் கொடுங்கோன்மையைப் பின்னாளில் கிறித்தவம் வீழ்த்தும் என்ற நம்பிக்கையோடு கதையைத் தொடங்குகிறது. வரலாற்றில் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு, ஏனெனில் ரோமப் பேரரசு கிறித்தவமான பிறகும் அடிமைச் சந்தைகள் நீடித்தன, திருச்சபையே அடிமைகளை வைத்திருந்தது. சிலர் இயற்கையாகவே அடிமைகள் என்று அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலில் எழுதினார். அடிமையாகப் பிறந்த ஸ்டோயிக் தத்துவவாதி எபிக்டெட்டஸ், உண்மையான சுதந்திரம் மனத்தின் தீர்ப்பில் இருக்கிறதேயன்றிச் சட்டப் பத்திரத்தில் இல்லை என்று போதித்தார். அரிஸ்டாட்டில் எசமானனின் கோரிக்கையை நியாயப்படுத்தினார். எபிக்டெட்டஸ் அதைப் பொருட்படுத்தாமல் கடந்தார். கோரிக்கையையே நேருக்கு நேர் மறுத்த பண்டைக் குரல், நான்காம் நூற்றாண்டு ஆயரான நீசாவின் கிரெகொரியுடையது. கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டவனுக்கு எவர் என்ன விலை நிர்ணயிக்க முடியும் என்று அவர் தம் மறையுரையொன்றில் கேட்டார். அவருடைய திருச்சபை அந்தக் கேள்வியைப் பல நூற்றாண்டுகள் பின்தொடரவில்லை.

அந்தப் படத்தின் புகழ்பெற்ற காட்சியில், தோற்றுப் பிடிபட்ட அடிமைகளிடம், தலைவனை அடையாளம் காட்டினால் சிலுவைக்குத் தப்பி உயிர் வாழலாம் என்று அறிவிக்கப்படுகிறது. ஒருவர்பின் ஒருவராக எழுந்து ஒவ்வொருவரும் தாமே ஸ்பார்ட்டகஸ் என்கிறார்கள். அது வரலாற்றில் நடந்ததன்று. ஸ்பார்ட்டகஸ் போர்க்களத்தில் விழுந்தார் என்றும் உடல் கண்டெடுக்கப்படவில்லை என்றும் பண்டை ஆசிரியர்கள் எழுதினார்கள். திரைக்கதையை எழுதிய டால்டன் டிரம்போ, 1947இல் கம்யூனிஸ்டுத் தொடர்புகளைத் தேடிய அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் விசாரணைக் குழுவுக்குப் பதிலளிக்க மறுத்துச் சிறை சென்று, ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் பல்லாண்டுகள் இருந்தவர் என்பதை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சியின் ஊற்று புரியும். அது உயர்ந்து நிற்பதற்குக் காரணம், அங்கே கொடுக்கப்படும் கருணை ஏற்கப்படாமல் போவதே. எசமானனின் கை நீளும்போது அதைப் பற்ற ஆளில்லை.

நீதிமன்றத்தைக் களமாகக் கொண்ட படங்களில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஸ்டீவன் ஸ்பில்பர்க்கின் ‘அமிஸ்டாட்’ (1997) எடுத்துக்கொண்ட வழக்கில், 1839இல் கியூபாவின் ஹவானாவிலிருந்து புறப்பட்ட கப்பலில் இருந்த 53 ஆப்பிரிக்கர்கள், செங்பே பியே என்பவரின் தலைமையில் எழுந்து கப்பலைக் கைப்பற்றி, பிறகு லாங் தீவுக் கடற்கரையில் அமெரிக்கக் கடற்படையிடம் பிடிபட்டார்கள். 1841 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்களைச் சுதந்திரர் என்று தீர்ப்பளித்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் வாதாடும் காட்சியைப் படம் விடுதலையின் மாபெரும் தருணமாக எழுப்புகிறது. சிறையில் ஆப்பிரிக்கர் ஒருவர் விவிலியத்தின் படங்களை மட்டும் பார்த்து, சொற்கள் தெரியாமலே, துன்பப்பட்டு இறந்த ஒரு மனிதரின் கதையைத் தம் கதையாக விளங்கிக்கொள்ளும் காட்சி அதைவிட ஆழமானது. ஆயினும் அந்தத் தீர்ப்பு எதைத் தீர்த்தது? அடிமைக் கடத்தலைத் தடைசெய்த ஒப்பந்தத்தில் ஸ்பெயின் கையெழுத்திட்டிருந்ததால், ஆப்பிரிக்காவிலிருந்து அண்மையில் கடத்தி வரப்பட்ட இவர்கள் சட்டப்படி ஒருபோதும் அடிமைகளாகவில்லை என்பதே தீர்ப்பின் அடிப்படை. அதாவது பத்திரத்தில் பிழை இருந்தது; பத்திரம் என்ற ஏற்பாட்டில் பிழை காணப்படவில்லை. அதே கப்பலில் கொல்லப்பட்ட மாலுமித் தலைவனுக்குச் சொந்தமான அந்தோனியோ என்ற சிறுவன் ஸ்பானியச் சட்டப்படி முறையான அடிமை என்பதால், அவனை உரியவரின் வாரிசுகளிடம் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதே நீதிமன்றத்தின் முடிவு; அடிமை ஒழிப்பாளர்கள் அவனை இரகசியமாகக் கனடாவுக்கு அனுப்பிவைத்ததால்தான் அவன் தப்பினான். அந்தோனியோவை மையத்தில் நிறுத்தி எடுக்கப்பட்டிருந்தால் அதே வழக்கு முற்றிலும் வேறொரு படமாகியிருக்கும்.

மைக்கேல் ஆப்டெட் இயக்கிய ‘அமேசிங் கிரேஸ்’ (2006), பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் அடிமை வணிகத்துக்கு எதிராக வில்லியம் வில்பர்போர்ஸ் இருபது ஆண்டுகள் நடத்திய போராட்டத்தை 1807ஆம் ஆண்டுச் சட்டம் வரை சொல்கிறது. படத்தின் பெயர் ஜான் நியூட்டன் எழுதிய துதிப்பாடலிலிருந்து வந்தது. கிறித்தவ இறையியலில் அருள் என்பது, தகுதி எதுவும் இல்லாதவருக்கு இறைவன் இலவசமாக அளிப்பதைக் குறிக்கும். அடிமைக் கப்பலின் தலைவராக இருந்த நியூட்டனுக்கு அருள் பொருந்தும். அந்தக் கப்பலின் அடித்தளத்தில் கிடந்தவர்களுக்கு வேண்டியிருந்தது அருளன்று, நீதி. 1748இல் புயலின் நடுவே மனம் திரும்பிய நியூட்டன் 1754 வரை அடிமைக் கப்பல்களிலேயே பணிபுரிந்தார் என்பதும், அந்த வணிகத்துக்கு எதிராக அவர் பகிரங்கமாக எழுதியது 1788இல்தான் என்பதும், ஆன்மா மீட்கப்பட்ட பிறகும் கண்கள் திறக்க எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதைக் காட்டுகின்றன. அடிமைமுறையையே ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டம் எசமானர்களுக்கு 2 கோடி பவுண்ட் இழப்பீடு வழங்கியது. அடிமைகளுக்கு எதுவும் வழங்கவில்லை. அந்த இழப்பீட்டுக்காக வாங்கிய கடனை பிரிட்டிஷ் அரசு முழுமையாக அடைத்து முடித்தது 2015இல். அந்தச் சட்டத்துக்கு முன், 1831 கிறிஸ்துமஸ் காலத்தில், ஜமைக்காவில் சாம் ஷார்ப் என்ற பாப்திஸ்து சபைப் போதகரின் தலைமையில் பல்லாயிரம் அடிமைகள் வேலைநிறுத்தமாகத் தொடங்கி எழுச்சியாக வளர்த்த போராட்டமும், 1832 மே மாதம் அவர் தூக்கிலிடப்பட்டதும், பாராளுமன்ற உரைகளுக்குச் சற்றும் குறையாத காரணங்கள். வில்பர்போர்ஸும் ஷார்ப்பும் வாசித்தது ஒரே வேதம். உலகெங்கும் அரங்குகளுக்குச் சென்ற பெரிய படம் அவர்களுள் ஒருவருக்கே வாய்த்தது.

1833ஆம் ஆண்டுச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளையும் இலங்கையையும் விலக்கி வைத்திருந்தது. இந்தியாவுக்கு 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் வந்தது. அது எவரையும் விடுவிப்பதாக முழங்கவில்லை, எசமானனுக்கு இழப்பீடும் தரவில்லை, ஒரு மனிதர் அடிமை என்ற அடிப்படையில் எழும் எந்த உரிமையையும் நீதிமன்றங்கள் நிலைநாட்டக் கூடாது என்று மட்டும் கூறியது. மேலோட்டமாகப் பார்த்தால் கோரிக்கையையே செல்லாததாக்கிய சட்டம் இதுதான். ஆனால் தஞ்சை வட்டாரத்தில் நிலம் ஆண்டையிடமே இருந்தது, கடன்சீட்டு அவனிடமே இருந்தது, குடியிருக்கும் சேரி மனையும் அவன் நிலத்திலேயே இருந்தது. ஆகவே நீதிமன்றம் கைவிட்ட உரிமையைக் களத்துமேடு தொடர்ந்து நிலைநாட்டிவந்தது.

அந்தப் பின்னணியில்தான் நந்தனார் திரைப்படங்களை வைத்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், திருநாளைப்போவார் என்று அழைக்கப்படும் ஆதனூர் நந்தனார் கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளித்த தொண்டர். அவருக்கு ஆண்டை என்று ஒருவர் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில்தான் அவர் வேதியர் ஒருவரிடம் பண்ணையாளாக, அதாவது நிலத்தோடு பிணைக்கப்பட்ட உழைப்பாளியாக, மாறுகிறார். சிதம்பரம் செல்ல உத்தரவு கேட்டு நிற்கிறார். கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த 1935ஆம் ஆண்டுப் படமும், எம்.எம். தண்டபாணி தேசிகர் நடித்து ஜெமினி நிறுவனம் 1942இல் வெளியிட்ட படமும் இந்தக் கீர்த்தனைக் கதையையே பின்பற்றின. நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று வேதியர் நிபந்தனை விதிக்கிறார். ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர் என்பதால் அது மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. இரவோடு இரவாகச் சிவபெருமானின் அருளால் அது முடிந்துவிட, வேதியர் நந்தனாரின் காலில் விழுகிறார். ஆண்டை பண்ணையாளின் அடியில் விழுவது, அன்றைய சமூகத்தில் திரையில் காணவே அதிர்ச்சி தரும் காட்சி. அதன் துணிவைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆயினும் அந்த அற்புதத்தின் அறக்கணக்கு கவனிக்கத்தக்கது: இறைவன் ஆண்டையின் கோரிக்கையைப் பொய் என்று சொல்லவில்லை, அதை நிறைவேற்றிக் கொடுக்கிறான். லண்டன் பாராளுமன்றம் 2 கோடி பவுண்டில் செய்ததை இங்கே சிவனின் பூதகணங்கள் நெல்லில் செய்கின்றன. ஊரின் மற்றப் பண்ணையாட்கள் மறுநாளும் வயலில் இறங்குவார்கள்.

பெரியபுராணத்திலேயே இதற்கு இணையான ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. திருவெண்ணெய்நல்லூரில் முதிய அந்தணர் வடிவில் வந்த சிவபெருமான், சுந்தரர் தமக்கு வழிவழி அடிமை என்று ஓலை காட்டி வழக்காடுகிறார். சுந்தரர் அந்த ஓலையைக் கிழித்தெறிய, மூல ஓலை அவை முன் வைக்கப்பட்டு வழக்கு இறைவன் பக்கம் தீர்க்கப்படுகிறது. மனிதரை விற்றும் வாங்கியும் எழுதிய ‘ஆள்விலைப் பிரமாணம்’ என்னும் ஆவணங்கள் சோழர் காலத்தில் வழக்கிலிருந்தன என்பதை அறிந்து படித்தால், அந்தக் கதை வெறும் உருவகமாக நிற்காது. ஆண்டவன் ஒருவனுக்கே அடிமை என்று சொல்வது, மண்ணில் எவனுக்கும் அடிமையில்லை என்ற முழக்கமாகவும் மாறலாம். ஓலைக்கும் அடிமைக்கும் உள்ள உறவு இயல்பானது என்ற எண்ணத்தை உறுதிப்படுத்தவும் செய்யலாம். பக்தி இந்த இரு திசைகளிலும் சென்றிருக்கிறது.

ஸ்பில்பர்க்கின் ‘லிங்கன்’ (2012) ஒரே ஒரு மாதத்தை, 1865 ஜனவரியை, பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது. அடிமைமுறையை ஒழிக்கும் அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம் ஜனவரி 31 அன்று பிரதிநிதிகள் அவையில் 119க்கு 56 என்ற வாக்குகளில் நிறைவேறியதே அதன் உச்சம். கறுப்பின மக்கள் அவையின் மாடத்திலிருந்து அந்த வாக்கெடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் வடபுலப் படையில் போரிட்டார்கள் என்பதும், பிரெடரிக் டக்ளஸ் என்ற முன்னாள் அடிமை லிங்கனோடு நேரில் வாதிட்டவர் என்பதும் கதையின் ஓட்டத்தைத் தொடவில்லை. அதே ஜனவரி மாதத்தில், 12ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் கறுப்பின மறைப்பணியாளர்கள் இருபது பேர், தளபதி ஷெர்மனையும் போர்த்துறை அமைச்சர் ஸ்டான்டனையும் சந்தித்தார்கள். அவர்களது பேச்சாளர் காரிசன் பிரேசியர், 67 வயதுப் பாப்திஸ்துப் போதகர். தம்மையும் தம் மனைவியையும் விலை கொடுத்து மீட்டவர். அடிமைத்தனம் என்றால் என்ன என்று கேட்கப்பட்டபோது, மற்றவரின் உழைப்பை அவரது இசைவின்றி, எதிர்க்க முடியாத வலிமையால் எடுத்துக்கொள்வதே அது என்று அவர் வரையறுத்தார்; தம் உழைப்பின் பயனைத் தாமே அறுவடை செய்யும் நிலையில் இருப்பதே சுதந்திரம் என்றும், அதற்கு வேண்டியது நிலம் என்றும் சொன்னார். நான்கே நாட்களில் ஷெர்மன் கடற்கரையோர நிலங்களைக் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கருக்கு மிகாமல் பகிர்ந்தளிக்க ஆணையிட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் பெரும்பகுதி நிலத்தைப் பழைய உடைமையாளர்களுக்கே திருப்பித் தந்தார். பிலோ எகிப்தியப் பொன்னில் கண்ட நியாயத்தைப் பிரேசியர் நிலத்தில் கண்டார். ஒரு மாதத்தை எடுத்துக்கொண்ட படத்துக்கு, அந்த மாதத்தில் அமெரிக்காவில் விடுதலையைப் பற்றிப் பேசப்பட்ட மிகச் சிறந்த சொற்களுக்கு இடமில்லாமல் போனது ஒரு பெருங்குறை.

‘லிங்கன்’ படத்துக்கு நியாயம் செய்யும் விதமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அது 1865 மார்ச் மாதப் பதவியேற்பு உரையோடு முடிகிறது. போரிட்ட இரு தரப்பினரும் ஒரே வேதத்தை வாசித்து ஒரே கடவுளிடம் வேண்டினார்கள் என்பதை எதிர்கொண்ட உரை அது. பிறர் நெற்றி வியர்வையில் உண்ணும் தன் உணவுக்காகக் கடவுளிடம் உதவி கேட்கும் துணிவு எவருக்கு வரும் என்று வியந்த லிங்கன், இரு தரப்பின் வேண்டுதலும் முழுமையாக நிறைவேறவில்லை என்றார். ஒரு நாட்டின் தலைவர் தம் வெற்றியைக் கடவுளின் ஒப்புதலாகக் கொள்ளாமல், அந்தப் போரையே இரு தரப்புக்குமான தண்டனையாகக் காண்பது அரிது.

விடுதலையைக் கொடையாகப் பெறக் கூடாது என்பதை நேரடியாகச் சொன்ன படம் ஜில்லோ பொன்டெகோர்வோவின் ‘கெய்மாடா’ (1969). கற்பனையான ஒரு கரும்புத் தீவில் பிரிட்டிஷ் முகவர் ஒருவர், அடிமையை வைத்திருப்பதைவிடக் கூலியாளை வைத்திருப்பதே மலிவு என்று முதலாளிகளுக்கு விளக்குகிறார். அவரே தூண்டிவிட்ட கறுப்பினத் தலைவன், பின்னாளில் அவரிடமே பிடிபட்டு, தப்பிச் செல்ல அவர் தரும் வாய்ப்பை ஏற்காமல் தூக்குமேடைக்கு நடக்கிறான். அடிமைமுறை முடிந்த பிறகு வரும் கூலிமுறையை இவ்வளவு தெளிவாகக் கேள்விக்குள்ளாக்கிய படங்கள் சிலவே. தமிழில் பாலா இயக்கிய ‘பரதேசி’ (2013) அந்த வரிசையில் சேர்கிறது, பி.எச். டேனியலின் தேயிலைத் தோட்ட நாவலைத் தழுவிய அப்படத்தில், சட்டப்படி எவரும் அடிமையில்லை, ஆனால் கங்காணியின் முன்பணக் கணக்கு ஒருபோதும் தீர்வதில்லை.

சமயமும் அடிமைமுறையும் சந்திக்கும் இடத்தை ‘இறுதி இராவுணவு’ (1976) என்ற கியூபப் படம் அளவுக்கு ஆழமாகத் தோண்டிய வேறொரு படத்தைச் சுட்டுவது கடினம். தோமாஸ் குத்தியரெஸ் அலெயா இயக்கிய அது, வரலாற்றாசிரியர் மொரேனோ பிராகினால்ஸ் கியூபச் சர்க்கரை ஆலைகளைப் பற்றி எழுதிய நூலில் பதிவான, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நடந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து பிறந்தது. கரும்பாலை உடைமையாளரான ஒரு பிரபு, பெரிய வியாழனன்று, தம் அடிமைகளில் பன்னிரண்டு பேரைத் தேர்ந்து, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் அவர்களது பாதங்களைக் கழுவி முத்தமிட்டு, தம் மேசையில் அமர்த்தி விருந்து படைக்கிறார். தப்பியோடிப் பிடிபட்டுக் காது அறுக்கப்பட்ட செபஸ்தியான் அவரது வலப்பக்கத்தில் அமர்த்தப்படுகிறான். தான் யார் என்று பிரபு கேட்கும்போது அவன் அவர் முகத்தில் துப்புகிறான். அதையும் பிரபு தம் தாழ்மைக்கு வந்த சோதனையாக ஏற்றுக்கொள்கிறார். துன்பத்தை மகிழ்ச்சியோடு ஏற்பதே நிறைமகிழ்ச்சி என்ற புனித பிரான்சிசின் போதனையை அவர் எடுத்துச் சொல்கிறார். தானாக ஏற்ற வறுமையில் நின்று ஒரு துறவி சொன்ன அந்த வாக்கு, சவுக்கை வைத்திருப்பவனின் வாயிலிருந்து சவுக்கடி படுபவனின் காதுக்கு வரும்போது அதன் பொருள் முழுதும் அழுகிவிடுகிறது. கேட்டிருந்த அடிமைகள் சிரிக்கிறார்கள்.

அந்த விருந்தில் முதியவர் பஸ்குவால் விடுதலை கேட்கிறார். பிரபு உடனே வழங்குகிறார். கொஞ்ச தூரம் சென்ற முதியவர் போக்கிடம் தெரியாமல் நிற்பதைக் கண்டு, சுதந்திரத்தைவிடத் தம் நிழலே அவருக்கு மேலானது என்று பிரபு நிறுவிக்கொள்கிறார். கொடையாக வந்த விடுதலையின் வெறுமையை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. உழைத்த ஆண்டுகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு, கால் தளையை மட்டும் அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். விருந்தின் பின்னிரவில், பிரபு உறங்கிய பிறகு, செபஸ்தியான் மேற்கு ஆப்பிரிக்க யொரூபா மக்களின் கதையொன்றைச் சொல்கிறான். படைப்புக் கடவுள் உண்மையையும் பொய்யையும் படைத்தார். இரண்டுக்கும் நடந்த சண்டையில் பொய் உண்மையின் தலையை வெட்டியது. தலையைத் தேடித் தடவிய உண்மை, கையில் அகப்பட்ட பொய்யின் தலையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டது. அன்று முதல் உண்மையின் உடலும் பொய்யின் தலையுமாக அது உலகில் திரிகிறது. அந்த மேசையில் நடந்தது என்ன என்பதற்கு இறையியலாளர் எவரும் இதைவிடச் சரியான விளக்கம் தர முடியாது: கால் கழுவும் சடங்கின் உடல் உண்மையானது, அதைச் செய்தவனின் தலை வேறு.

மறுநாள் பெரிய வெள்ளி. புனித நாளில் வேலையில்லை என்று பிரபு சொன்னதை நம்பிய அடிமைகள், கண்காணிப்பாளன் வேலைக்கு அழைக்கும்போது மறுத்து எழுகிறார்கள். கண்காணிப்பாளன் கொல்லப்பட, பிரபு தம்மோடு உண்ட பன்னிரண்டு பேரையும் வேட்டையாட ஆணையிடுகிறார். ஞாயிறன்று, உயிர்த்தெழுதலின் நாளில், குன்றின்மேல் நட்ட கழிகளில் பதினொரு தலைகள் வைக்கப்படுகின்றன. அங்கேயே கண்காணிப்பாளனின் நினைவாக ஒரு கோயில் கட்டப்போவதாகப் பிரபு அறிவிக்கிறார். பன்னிரண்டாவது கழி வெறுமையாக நிற்கிறது, ஏனெனில் செபஸ்தியான் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறான். யாரும் அவனை விடவில்லை.

ஸ்டீவ் மெக்வீனின் ‘12 இயர்ஸ் எ ஸ்லேவ்’ (2013) தன் மையத்திலேயே ஒரு சட்டச் சிக்கலைச் சுமந்திருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் சரட்டோகாவில் சுதந்திரராக வாழ்ந்த சாலமன் நார்த்தப், 1841இல் வாஷிங்டனில் கடத்தப்பட்டு, 1853 ஜனவரி வரை லூசியானாவில் அடிமையாக இருந்தார். அவரது முதல் எசமானன் போர்டு மென்மையான போதகன். பிள்ளைகளிடமிருந்து பிரிக்கப்பட்ட எலைசாவின் அழுகை அவனது மறையுரையின்மீது படர்ந்து ஒலிக்குமாறு மெக்வீன் அமைக்கிறார். அடுத்த எசமானன் எப்ஸ், எசமானனின் விருப்பத்தை அறிந்தும் செய்யாத வேலைக்காரனுக்கு மிகுந்த அடி கிடைக்கும் என்னும் லூக்கா நற்செய்தியின் வசனத்தை வாசித்து அதைத் தன் சவுக்குக்கு உரிமமாக்குகிறான். நார்த்தப் தம் நூலில் போர்டை மிகுந்த மரியாதையோடு நினைவுகூர்ந்தார். படம் அவனிடம் அவ்வளவு இரக்கம் காட்டவில்லை, அது சரியான முடிவு. கொடியவனின் வேதவாசிப்பைவிட நல்லவனின் வேதவாசிப்பே அந்த அமைப்பை நிலைநிறுத்தியது. போர்டு போன்றவர்கள் இருந்ததால்தான் எப்ஸ் போன்றவர்கள் விதிவிலக்குகளாகத் தோன்ற முடிந்தது.

கழுத்தில் கயிறோடு, கால்விரல் நுனிகள் சேற்றைத் தொட்டும் தொடாமலும் நார்த்தப் தொங்கும் நீண்ட காட்சியில், பின்னால் மற்ற அடிமைகள் குடிசைகளிலிருந்து வெளிவந்து தம் வேலைகளைத் தொடர்கிறார்கள், குழந்தைகள் விளையாடுகிறார்கள். பிறகு, முதிய தொழிலாளி ஒருவரின் அடக்கத்தின்போது பாடப்படும் யோர்தான் நதிப் பாடலில் முதலில் உதடு பிரிக்காத நார்த்தப், மெல்ல மெல்லக் குரலெடுத்துச் சேர்ந்து பாடுகிறார். தான் சுதந்திரன், இவர்கள் அடிமைகள் என்று அதுவரை அவர் மனத்தில் காத்துவந்த கோடு அந்தப் பாடலில் அழிகிறது. ஆனால் அவரை விடுவித்த சட்டத்தில் அந்தக் கோடு அழியவில்லை. கடத்தப்பட்ட தன் குடிமக்களை மீட்க நியூயார்க் மாநிலம் 1840இல் இயற்றிய சட்டத்தின்படி, அவர் உண்மையில் சுதந்திரர் என்று நிறுவப்பட்டதாலேயே மீண்டார். அமிஸ்டாட் வழக்கில் போலவே இங்கும் ஒரு பத்திரப் பிழை திருத்தப்பட்டது, பத்திரம் நீடித்தது. அந்தப் பண்ணையில் மற்ற எவரையும்விட அதிகப் பருத்தி பறித்த பாட்சி, அவர் வண்டியேறும் முன் ஓடிவந்து அணைத்துக்கொள்கிறாள். வண்டி நகரும்போது பார்வையின் கூர்மை நார்த்தப்பின் முகத்திலேயே நிற்க, பின்னால் மங்கலாகிவிட்ட அவளது உருவம் நிலத்தில் சரிகிறது. நார்த்தப்பை அடைத்துவைத்து விற்ற அடிமை வணிகன்மேல் வாஷிங்டனில் தொடுக்கப்பட்ட வழக்கில், கறுப்பினத்தவர் வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்ல முடியாது என்பதால் நார்த்தப்பின் வாய்மொழி கேட்கப்படவில்லை என்பதைப் படத்தின் முடிவு எழுத்துகள் தெரிவிக்கின்றன. பாட்சிக்கு வழக்கும் இல்லை, முடிவு எழுத்துகளில் ஒரு வரியும் இல்லை. திரை இருளும்போது அவள் இன்னும் அந்தப் பண்ணையில்தான் இருக்கிறாள்.